இறக்காத முடி

ஈரு, ஈரு, பேன், மறுபடி ஈரு. ஆஸ்பத்திரிக்கு வந்தா சீக்கு போகுதோ இல்லியோ, பேன் மட்டும் தவறாம வந்து ஏறிக்குது. பக்கத்துப் படுக்கைப் புள்ளைகிட்ட இருந்துதான் ஏறியிருக்கும், அந்தம்மா ஒரு நாளாவது அந்தத் தலையில சீப்பு வெச்சு நான் பாக்கல. சரி, அவளுக்கு அவ பாடு. நேத்ரா, ஆட்டாத கண்ணு, சித்த நேரம் கம்முனு இரு. யாருகிட்டச் சொல்றேன் நானு? இவளுக்கு எங்க கேக்கப் போகுது? போன தடவை வந்த மூளைக்காய்ச்சல் ரெண்டு காதையும் வாரிக்கிட்டுப் போயிருச்சு, இருந்தும் என்ற வாய் நிக்கமாட்டேங்குது. தாடையைப் புடிச்சு லேசா அழுத்தினேன், புரிஞ்சுக்கிட்டா, தலையைக் குனிஞ்சு குடுத்துட்டா. மில்லுல கத்துக்கிட்டது இது. நூல் மிஷின் ஓடற சத்தத்துல காது இருக்கறவளும் செவிடிதான், தோள்ல ரெண்டு தட்டு தட்டினா ஆமா, ஒரு தட்டுன்னா இல்லை, தாடையைத் தொட்டா அசையாம நில்லு. வயித்துப்பாட்டுக்குக் கத்துக்கிட்டது பெத்த புள்ளைகிட்டப் பேசறதுக்கு ஒதவுது, இந்தக் கொடுமையை யாருகிட்டப் போய்ச் சொல்ல. பெரிய டாக்டர் வர்றதுக்குள்ள வாரிப் பின்னி முடிச்சுறோணும். இன்னைக்கு அவரு பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பிருவாருன்னு நர்சம்மா காலையிலயே சொல்லிருச்சு. வார்டுல ஆளாளுக்கு, ஊட்டுக்குப் போறீங்களாமா, சந்தோசம்ங்கறாங்க. எனக்குத்தான் சந்தோசமில்லை.

வீட்டுக்குப் போறதுன்னா என்ன, மறுபடி வர்றதுக்குப் போறது. மூணு தடவை வந்தாச்சு. மொதல் தடவை பால் மறந்த புதுசு, காய்ச்சல், வாந்தி, பல்லு மொளைக்கிதுன்னு இருந்தேன், விடிஞ்சு பாத்தா புள்ளை கழுத்தை மடக்க முடியாம பின்னால வளையறா. முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுக்கோணும்னு ரெண்டு பேரு அவளைச் சுருட்டிப் புடிச்சாங்க, என்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க, அந்தக் கத்தல் இன்னும் எனக்குள்ள இருக்குது. தேறிட்டா. ஒருக்கா வந்தா மறுபடி வராதுன்னு பஸ்ஸுல ஒருத்தி சொன்னா, நம்பினேன், நான் ஒரு முட்டாள். ரெண்டாவது தடவை காது போச்சு. கண்ணு முழிச்சதும் என்ற மூஞ்சியைப் பாத்து, "அம்மா, ஏம்மா யாருமே பேசமாட்டேங்கறீங்க"ன்னு கேட்டா பாரு, ஐயோ, வேண்டாம், அதை நெனைக்க வேண்டாம், ஈரைப் பாரு. இது மூணாவது. பஸ்ஸுக்குள்ளயே வலிப்பு. இந்தத் தடவை ரிஸ்வானா டாக்டரம்மான்னு ஒரு சின்ன வயசுப் புள்ளை, ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காந்து சொல்லுச்சு. "அம்மா, இது ஒரு தடவை வந்தா நோய். திரும்பத் திரும்ப வந்தா பின்னால ஏதோ காரணம் இருக்கு. அதைக் கண்டுபிடிக்காம அனுப்பினா மறுபடியும் வரும். அடுத்ததை இவ தாங்குவாளான்னு எனக்குத் தெரியலம்மா." ஒளிக்காமச் சொன்ன வாய்க்குச் சக்கரை போடோணும், ஆனா அன்னைக்கு அந்த வாயிலயே ஒண்ணு வெக்கலாம்னு இருந்துச்சு எனக்கு. அப்புறம் கேள்வியா கேட்டுச்சு. எங்கியாச்சும் விழுந்து மண்டையில அடிபட்டுச்சா, குனிஞ்சா மூக்குல தண்ணியாட்டம் ஒழுகுதா, தொண்டையில உப்புக் கரிக்கிதுங்கறாளா, சொந்தத்துல கட்டினீங்களா. ரத்தத்தை எடுத்து எதிர்ப்புச் சக்தி பாத்தாங்க, மண்ணீரல் இருக்குதான்னு வயித்தைப் பாத்தாங்க, காதுக்குள்ள பாத்தாங்க, மூக்குக்குள்ள குழாய் விட்டுப் பாத்தாங்க, தலையையும் ஸ்கேன் எடுத்தாங்க. குப்புறப் படுக்க வெச்சு முதுகுத்தண்டு நெடுக விரலால தடவி, "இங்க குழி, முடிக்கொத்து, மச்சம், பொறந்ததுல இருந்து ஏதாவது இருந்துச்சா"ன்னு கேட்டுச்சு. இல்லீங்கன்னேன். வழவழன்னு இருக்கற முதுகை வெச்சுக்கிட்டு வேற என்னத்தைச் சொல்ல. எல்லாமே சரியா இருக்குதாமா. எல்லாம் சரியா இருந்தா என்ற புள்ளை ஏன் இப்பிடிக் கெடக்கறா?

என்ற மாமியாரைக் கேட்டா ஸ்கேனே வேண்டாம், ஒரே பேச்சுல காரணம் சொல்லிருவாங்க. செல்லாண்டியம்மனுக்கு முடி பாக்கி. சாமிக்கு வேற சோலியில்ல பாரு, அஞ்சாறு வயசுப் புள்ளைகிட்ட வந்து பாக்கி வசூல் பண்றதுக்கு. ஆனா பாக்கிங்கறது நெசந்தான். மொத மொட்டை கொலசாமி கோயில்ல, தாய்மாமன் மடியில உக்கார வெச்சு எறக்கோணும், காதும் அதே மடியிலதான் குத்தோணும். மடி இருந்தாத்தான? என்ற அண்ணன் கொழந்தவேலு அவனோட புது வீட்டுப் பால் காய்ச்சறதுக்கு என்ற வீட்டுக்காரரை நேர்ல வந்து வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடல. போன்ல பத்திரிகையை அனுப்பிச்சு, "வந்துருங்க மாப்ள"ன்னுட்டான். அதுதான் குத்தம். நான் லோகநாதனாக்கும், போன்ல கூப்பிட்டா ஓடறதுக்கு என்ன சமையக்காரனான்னு இவரு முறுக்கிக்கிட்டாரு. அவன் அதுக்கு மேல, மொட்டைக்கு நான் வரோணும்னா மாப்பிள்ளை தட்டத்தோட வந்து கூப்பிடட்டும், அப்பத்தான் மடி தருவேன்னுட்டான். மடி தர்றானாமா, மடி! மடியில புதையல் வெச்சிருக்கறான் பாரு. இவரு டயர்க் கடை முன்னால அவன் வண்டி போனா இவரு சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கறாரு, இவரு எதுக்க வந்தா அவன் செருப்பைக் குனிஞ்சு பாக்கறான். எங்க பெரியப்பன் பையன் மடியில உக்கார வெச்சா ஆகாதான்னு நான் கேட்டதுக்கு, கூடப் பொறந்தவன் கல்லாட்டம் இருக்கறப்ப இன்னொருத்தன் மடியான்னு மாமியார் வாயில வாயில அடிச்சுக்கிட்டாங்க. மொட்டை எறக்காத தலையில கத்திரிகூடப் படக்கூடாது. படல. முடி இடுப்பைத் தாண்டி எறங்கிருச்சு, ரோட்டுல போறவங்க நின்னு, என்ன போட்டு வளத்தறீங்கன்னு கேப்பாங்க, எனக்கும் பெருமைதான், பொய் சொல்லக்கூடாது. இவளுக்கு மாமன்ங்கறது என்ற போன்ல இருக்கற ஒரு மீசைக்காரப் போட்டோ. மாமன் வந்தா மொட்டை, மாமன் வந்தா தோடு, மாமன் வந்தா பட்டுப்பாவாடைன்னு காது கேட்ட காலத்துல நான் சொல்லி வெச்சது, எல்லாச் சத்தமும் போனப்புறம் அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. வார்டு வாசல்ல எவராவது மீசை வெச்சவரு தலை தெரிஞ்சாப் போதும், தன் சத்தம் தனக்கே தெரியாதில்ல, எல்லாரும் திரும்பிப் பாக்கற மாதிரி, "மாமன் வந்தாச்சா?" நான் தோள்ல ஒரு தட்டு தட்டுவேன். காதே போனப்புறம் குத்தி என்ன, தோடு மாட்டி என்ன.

பின்மண்டைக்கு வந்தாச்சு. படுத்தே கெடந்ததுல இங்கதான் சிக்கு. இங்க ஒரு எடத்துல விரல் கொஞ்சம் எறங்கும், பிடரிக்கு மேல, நேர் நடுவுல. கைக்கொழந்தையா இருந்தப்ப இருந்தே தெரியும், கடுகு போகற அளவு இருக்கும், அதுக்குள்ள இருந்து நாலஞ்சு முடி வெறைப்பா, பன்னி முடியாட்டம். மாமியார்தான் பாத்துட்டு, மேல ஒரு சுழி இங்க ஒரு சுழி, ரெட்டைச் சுழி, பொட்டைப் புள்ளைக்கு ரெண்டு தாலின்னு பேசுவாங்க, வெளிய மூச்சு விட்டுறாதேன்னாங்க. நான் எதுக்கு விடறேன்? பின்னலை அந்த எடத்து மேலதான் அழுத்தி ஆரம்பிப்பேன், ஒருத்தரு கண்ணுக்கும் தெரியாது. போகட்டும், இப்ப தாலிதான் கொறைச்சல். சிக்கை நுனியில இருந்து எடுத்துக்கிட்டு வரோணும், மேல இருந்து இழுத்தா அழுவா. என்ற வீட்டுக்காரரு டீ வாங்கப் போனவரு இன்னும் காணம், சாயங்காலமே வீட்டுல இருப்போமோ என்னமோ, போனதும் தலைக்குத் தண்ணி வாக்கலாமான்னு கேக்கோணும், காய்ச்சல் வந்தா எந்நேரம் ஆனாலும் தூக்கிட்டு வரலாமான்னு கேக்கோணும், கேட்டு என்ன, வந்தா வந்ததுதான். நேத்து அந்த ரிஸ்வானாப் புள்ளை சாப்பாட்டு நேரத்துல வந்து நின்னுக்கிட்டு, என்கிட்டச் சொல்லுதா தனக்குத்தானே சொல்லிக்குதான்னு தெரியாம சொல்லுச்சு. "போன தடவையும் இந்தத் தடவையும் ஒரே கிருமிம்மா. வழக்கமா மூளைக்காய்ச்சல் குடுக்கற கிருமி இல்லை. நம்ம எல்லாருக்கும் தோல்மேல இருக்கறது. தோல்ல இருக்கறது தலைக்குள்ள எப்படிப் போச்சு? எங்கயோ ஒரு வழி இருக்கு. என் கண்ணுல படமாட்டேங்குது." தூங்கிப் பல நாள் ஆன மூஞ்சி அதுக்கு. பாவம், பெத்தவங்க பாத்தா வேலைய விட்டுட்டு வீட்டுக்கு வாம்பாங்க. தலகாணி உறையை மாத்திக் கேக்கோணும், நடுவுல மஞ்சளா ஒரு கறை, தலை வெக்கற எடத்துல, எண்ணெய்க் கறை, வீட்டுத் தலகாணியிலயும் இப்பிடித்தான் ஒட்டியிருக்கும், சோடா உப்பு போட்டுத் தொவைச்சாலும் போகாது. எண்ணெய். ஆஸ்பத்திரிக்கு வந்ததுல இருந்து நான் எண்ணெயே வெக்கலியே.

எண்ணெய் வெக்கல. டப்பாவே எடுத்துட்டு வரல. அப்ப அது என்ன கறை? பேன் நசுக்கின ரத்தமா இருக்கும், ரத்தம் மஞ்சளா இருக்காது. வேர்வையா இருக்கும், ஃபேனுக்குக் கீழதான படுத்திருக்கறா. விரல் அதே எடத்துல நிக்குது, எடுத்துப் பாத்தேன், நுனியில துளி ஈரம், மோந்து பாத்தேன், எண்ணெய் வாசமில்லை, புண்ணு கண்ட வாசம். சிக்கெடுத்ததுல சீப்பு பட்டிருக்கும். சீப்பு இன்னும் அந்த எடத்துக்கே போகல. முதுகுலதான் கேட்டாங்க. குழி, முடி, பொறந்ததுல இருந்து. முதுகுல இல்லைன்னு சொன்னேன், அது பொய் இல்லை. முதுகு எங்க போய் முடியுது? கழுத்தோட முடிஞ்சிருதா? தண்டு அங்கிருந்து எங்க போகுது? மண்டைக்குள்ளதான போகோணும். தோல்மேல இருக்கற கிருமி. எங்கியோ ஒரு வழி. சே, சுழியப் போய், உலகத்துல எல்லாருக்கும் சுழி இருக்குது, அத்தனை பேரும் ஆஸ்பத்திரியிலயா கெடக்கறாங்க? சொன்னாச் சிரிப்பாங்க. படிக்காத பொம்பளை சுழியக் காட்டறான்னு வெளிய போய்ச் சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும், சிரிச்சா எனக்குச் சந்தோசந்தான். சிரிக்காம இருந்துட்டா? சிரிக்கலைன்னா மொட்டை அடிச்சிருக்கோணும்னு ஆயிரும். அந்தக் கிழவி, முடி பாக்கி முடி பாக்கின்னு கத்தினதுல நெசம் இருந்ததா ஆயிரும், சாமி கேட்டதோ கேக்கலியோ, மொத வருசமே மொட்டை எறக்கியிருந்தா வெறுந்தலையில பளிச்சுனு தெரிஞ்சிருக்கும், சந்தனம் பூசற கை அந்தக் குழியில எறங்கியிருக்கும், ஒறம்பரைச் சனம் அத்தனை பேரும் என்னடி இதுன்னு கேட்டிருப்பாங்க, எவளாவது ஒருத்தி டாக்டர்கிட்டக் காட்டுன்னு சொல்லியிருப்பா. காது இருந்திருக்கும். ஒரு வெத்தலை, ஒரு பாக்கு, ரெண்டு ஆம்பளைங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க, அவங்க தூக்கி வெச்ச மூஞ்சிக்கு அடியில என்ற புள்ளை தலை வெந்துக்கிட்டு இருந்திருக்குது. அதுக்கு மேல நான் பூ வெச்சேன், கனகாம்பரம். இல்லை, இது ஒண்ணுமில்லை, இது வெறும் சுழி. பின்னிருவேன், மூணு காலாப் பிரிச்சு இந்த எடத்துல அழுத்தி ஆரம்பிச்சாப் போதும், மறைஞ்சிரும், ஊட்டுக்குப் போயிரலாம். கை தானாவே மூணு காலாப் பிரிக்குது. பாவி, நிறுத்து.

செருப்புச் சத்தம், கூட்டமா. வந்துட்டாங்க. இவ தலை விரிச்சபடி கெடக்குது, பாதி வாரி பாதி வாராம. பெரிய டாக்டர் படுக்கைக் கம்பியில கையை ஊனிக்கிட்டு, "தேறிட்டாளே, அனுப்பிரலாமா?"ங்கறாரு. ரிஸ்வானாப் புள்ளை, "சார், காரணம் இன்னும்..."னு இழுக்குது. "எல்லாந்தான் பாத்தாச்சேம்மா, எல்லாமே நார்மல்." அவரு அடுத்த படுக்கைக்குத் திரும்பறாரு. திரும்பினா முடிஞ்சுது.

"சார், முதுகுல இல்லீங்க. தலையில இருக்குதுங்க."

"என்னது?"

"குழிங்க. இந்த டாக்டரம்மா கேட்டாங்களே, குழி, முடின்னு. சுழின்னு நெனச்சு விட்டுட்டோம்ங்க. ஈரமா இருக்குது."

அவரு சிரிக்கல. நான் முடியை ரெண்டாப் பிரிச்சுப் புடிச்சேன், ரிஸ்வானாப் புள்ளை போன் லைட்டைப் போட்டுக் குனிஞ்சுது, குனிஞ்ச தலை நிமிரவே இல்லை. பின்னால நின்ன அத்தனை பேரும் கிட்ட வந்து எட்டிப் பாத்தாங்க. சிரிங்களேன்டா, யாராவது ஒருத்தர் சிரிங்களேன். "அமுக்காதீங்க, உள்ள எதையும் விட்டுப் பாக்காதீங்க"ன்னாரு பெரியவரு, மெதுவா. எம்.ஆர்.ஐ. இன்னைக்கே எடுக்கோணும், மூளை ஆபரேஷன் டாக்டரைக் கூப்பிடுங்கன்னாரு. அப்புறந்தான் என்னைப் பாத்தாரு. "இது சுழி இல்லம்மா. சிலருக்குப் பொறக்கறப்பவே தோல்ல இருந்து ஒரு குழாய் மாதிரி உள்ள போகும். எலும்பைத் தாண்டிப் போயிருந்தா இதுதான் அந்த வழி. முன்ன எடுத்த ஸ்கேன்ல தப்பியிருக்கும், எம்.ஆர்.ஐ.ல தெரிஞ்சிரும். அதை எடுத்தாகணும். மூளைக்குப் பக்கம், சின்ன ஆபரேஷன்னு சொல்லமாட்டேன்." உசுருக்குங்களான்னேன். "எடுக்காம விட்டாத்தான் உசுருக்கு." காது திரும்பி வருமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன், அதுக்குப் பதில் எனக்கே தெரியும். ரிஸ்வானாப் புள்ளை இன்னும் அந்தக் குழியையே பாத்துக்கிட்டு, "தெனம் வந்து பாத்தேன், பின்னலைத் தூக்கிப் பாக்கலையே"ன்னுச்சு, கண்ணெல்லாம் தண்ணி. எனக்கு அதைக் கட்டிப் புடிச்சு அழோணும் போல இருந்துச்சு. "முடியை இப்பவே எடுத்துருங்க, முழுசா"ன்னு சொல்லிட்டுப் பெரியவரு போயிட்டாரு.

டீயைக் கையில வெச்சுக்கிட்டு என்ற வீட்டுக்காரரு வந்து நின்னாரு. சொன்னேன். ஆபரேஷனை ஒரு மாதிரி கேட்டுக்கிட்டாரு, மூஞ்சி செத்துப்போச்சு, ஆனா முடின்னதும், "முழுசாவா? மொத முடி, கோகிலா. மாமன் மடி இல்லாம..."ன்னாரு. "உங்கண்ணனுக்கு ஒரு போன் போட்டாக் கெளம்பிருவான், மூணு மணி நேரத்துல வந்துருவான்."

"போன்லயா?"ன்னேன். "போன்லயா கூப்பிடுவீங்க? வெத்தலை பாக்கு வேண்டாமா?"

டீ டம்ளரைக் கீழ வெக்கத் தெரியாம புடிச்சுக்கிட்டே நிக்கறாரு. திட்டோணும்னு சேத்து வெச்சது எவ்வளவோ இருக்குது, இப்ப அதுக்கெல்லாம் தெம்பில்லை. நீங்க போய் ஸ்கேனுக்கு எங்க நிக்கோணும்னு கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பிச்சேன். போனாரு.

மொட்டை அடிக்கறவரு வார்டு ஆளு, கிண்ணமும் கத்தியுமா வந்தாரு, முடியைப் பாத்து நாக்கைச் சப்புக் கொட்டினாரு. கண்ணுல விழுந்துரும்னு நர்சம்மா துண்டை நேத்ரா நெத்தியில இருந்து மூக்கு வரைக்கும் இறுக்கிக் கட்டுச்சு, இவ பயந்து அழுதுக்கிட்டே காத்துல கையைத் துழாவறா. நான் கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்துட்டேன், நர்சம்மா அவளை அப்பிடியே தூக்கி என்ற மடியில வெச்சுது. எலும்புதான் இருக்குது, கனமே இல்லை. தலையில தண்ணி பட்டதும் ஒரு தடவை வெறைச்சா. கத்தி மேல இருந்து ஒரு இழுப்பு இழுத்துச்சு, மொத முடி என்ற முழங்கால்ல விழுந்துச்சு. துழாவிக்கிட்டிருந்த கை நின்னுபோச்சு. என்ன நடக்குதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. வார்டு முழுக்கத் திரும்பிப் பாக்கற மாதிரி, "அம்மா, மாமன் வந்தாச்சா? மாமன் மடியா?"

அவ தோள்ல ரெண்டு தட்டு தட்டினேன்.

அதுக்கப்புறம் அவ அழவே இல்லை. தலையை நல்லாக் குனிஞ்சு குடுத்து, முடியுற வரைக்கும் அசையாம உக்காந்திருந்தா.